பென்குயினைக் குன்னூருக்கு ஏற்றிய கதை

சூப்பர்டக்ஸ் என்னும் கணினி ஆட்டத்துக்காக இரண்டு மழைக்காலங்களாக நான் செய்துவந்த எட்டு லெவல்கள் கொண்ட தொகுப்பு சென்ற மாதம் ஒருவழியாக முடிந்தது. 'பல்சக்கரம்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய தொகுப்பு அது. கல்லாற்றில் தொடங்கி உதகையில் முடிகிறது. மலை ரயில் போகும் வழியே அதன் வழி. செய்தபோது எங்கெங்கே தவறினேன், எதை மாற்றினேன், யார் சொல்லியும் எதை மாற்ற மறுத்தேன் என்பதையெல்லாம் மறப்பதற்கு முன் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். சூப்பர்டக்ஸ் ஒரு கட்டற்ற மென்பொருள்; யாரும் எடுத்து ஆடலாம், மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகள் படம் வரையும் டக்ஸ் பெயிண்டை உருவாக்கிய பில் கெண்ட்ரிக்தான் இதையும் தொடங்கியவர். பிறகு பலர் சேர்ந்து வளர்த்து, 2004-ல் முதல் மைல்கல் பதிப்பை வெளியிட்டார்கள். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் சின்னமாக 1996-ல் லாரி யூயிங் வரைந்த டக்ஸ் என்னும் பென்குயின்தான் கதாநாயகன். நோலோக் என்பவன் கடத்திச் சென்ற பென்னியை மீட்பதற்காக அது பனித்தீவு முழுவதும் ஓடுகிறது, தாவுகிறது, எதிரிகளின் தலைமேல் குதிக்கிறது. இவ்வகை ஆட்டத்தைப் பிளாட்ஃபார்ம் ஆட்டம் என்பார்கள். என் அண்ணன் மகன் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது ரயில் நிலையத்தில் ஆடும் ஆட்டம் என்றே எண்ணிக்கொண்டான். யோசித்துப் பார்த்தால், இந்தத் தொகுப்பின் விதை அவனுடைய அந்தத் தவற்றில்தான் இருந்தது.

நான் இந்த ஆட்டத்தை முதலில் ஆடியது பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில். விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பாஸ் என்பது டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது என்பதால், டெபியனுக்குக் கிடைக்கும் ஆட்டங்களை அதிலும் நிறுவிக்கொள்ள முடிந்தது. அப்போது ஆடியதோடு சரி. தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு வந்த பிறகு, மழை விடாமல் கொட்டும் மாலைகளில் வேறெதுவும் செய்ய இயலாமல், பழைய கணினி ஒன்றை வாங்கி மீண்டும் அதைத் திறந்தேன். 2016-ல் வந்த 0.5 பதிப்பிலிருந்து லெவல் அமைக்கும் கருவியும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

எல்லா லெவல்களும் 32 பிக்சல் அகலமும் அதே அளவு உயரமும் கொண்ட சதுரக் கட்டங்களால் ஆனவை. கோப்பைத் திறந்தால் அடைப்புக்குறிகளுக்குள் அடுக்கிய வெறும் எழுத்தும் எண்ணும்தான். தேவைப்பட்டால் எழுதும் செயலி ஒன்றிலேயே திருத்திவிடலாம். மூலநிரலும் திறந்தே கிடப்பதால், பென்குயினின் கால் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நின்றோ நடந்தோ தாவினால் நான்கு கட்டத்துக்குச் சற்று மேலே எழும்பும். முழு வேகத்தில் ஓடித் தாவினால் ஐந்து கட்டத்துக்குச் சற்று மேலே. சமதளத்தில் நடந்து தாவினால் ஏழு கட்டப் பள்ளத்தையும், ஓடித் தாவினால் பதினொரு கட்டப் பள்ளத்தையும் தாண்டும். இந்த நான்கு எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டி வைத்திருந்தேன். லெவல் அமைப்பவருக்கு அதுதான் அளவுகோல். எட்டக்கூடியதற்கும் எட்டாததற்கும் இடையில் எந்த இடத்தில் கோடு போடுகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

மற்றவர்கள் செய்த தொகுப்புகள் சிலவற்றை ஆடிப் பார்த்திருக்கிறேன். ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, பின்னணியில் அந்த ஊரின் கோபுரத்தையோ மலையையோ ஒட்டிவிட்டு, முன்னால் அதே பழைய செங்கல்லையும் அதே பழைய பள்ளத்தையும் வைப்பவை அவற்றில் பல. பின்னணிப் படத்தை மாற்றிவிட்டால் அதே லெவல் வேறோர் ஊராகிவிடும். என் லெவலில் படம் எதுவும் இல்லாவிட்டாலும், கண்ணை மூடி ஆடினாலும்கூட (அது முடியாது என்பது வேறு விஷயம்), காலுக்கு இது நீலகிரி என்று தெரிய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். ஏற்றம், வழுக்கல், காத்திருப்பு ஆகிய மூன்றையும் விரலில் உணர வைக்க முடிந்தால் போதும் என்று நினைத்தேன். இந்த முடிவை முதல் லெவலிலேயே நான் மீற வேண்டியிருந்தது.

மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 46 கிலோமீட்டர் சென்று, 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையை அடைகிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 12 அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்து. சாதாரண ரயில் சக்கரம் அந்த ஏற்றத்தில் பிடிமானமின்றிச் சுழலும் என்பதால்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பல் தண்டவாளத்தைப் பதித்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தை அப்படியே வைப்பது என்று தொடங்கினேன். ஆட்டத்தில் சரிவுக் கட்டங்கள் உண்டு. ஆனால் அவற்றில் மிகவும் மெதுவானதே இரண்டு கட்டம் போனால் ஒரு கட்டம் ஏறுவது. ஆகவே பத்துக் கட்டம் சமதளம், பிறகு இரண்டு கட்டம் சரிவு என்று மாற்றி மாற்றி வைத்து, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கைத் துல்லியமாகக் கொண்டுவந்தேன். அறுநூறு கட்டம் நீளமான லெவல் ஐம்பது கட்டம் உயர்ந்தது. தாளில் மிகவும் பெருமையாக இருந்தது.

அண்ணன் மகன் ஆடி முடித்துவிட்டு, "எங்கே அத்தை ஏத்தம்?" என்றான். அவன் கேட்டது சரிதான். திரையில் ஒரு நேரத்தில் தெரிவது லெவலின் சிறு பகுதி மட்டுமே. அதற்குள் இரண்டு மூன்று கட்டம் உயர்வதை மேடு என்று மனம் எடுத்துக்கொள்ளுமே தவிர மலை என்று எடுத்துக்கொள்ளாது. சரிவைக் கூட்டினேன், நான்குக்கு ஒன்று என்று வைத்துப் பார்த்தேன். அப்போது அது மலையாகத் தெரிந்தது. ஆனால் ரயில் போகும் மலையாகத் தெரியவில்லை, சறுக்குமரமாகத் தெரிந்தது. மூன்று வாரம் இதிலேயே கழிந்தது.

விடை ரயிலிலேயே இருந்தது. கல்லாற்றைத் தாண்டி வண்டி ஏறத் தொடங்கியதும், பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தான் சாய்ந்திருப்பது தெரிவதில்லை. ஜன்னலுக்கு வெளியே பாக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பதாகத்தான் தெரியும். சிறுவயதில் இதைப் பார்த்து, காற்றில் சாய்ந்த மரங்கள் என்று நம்பியவள் நான். பன்னிரண்டுக்கு ஒன்று என்பது கோணக் கணக்கில் ஏறத்தாழ 5 பாகை. எனவே தரையை முழுவதும் சமதளமாக்கிவிட்டு, பின்னணியில் உள்ள பாக்கு மரம், பலா மரம், கம்பம், குடிசை எல்லாவற்றையும் 5 பாகை சாய்த்து வரைந்தேன். இரண்டு நிமிடம் ஆடியவுடன், "ஏறிக்கிட்டே இருக்கோம்ல?" என்றான் அதே பையன். கால் உணர வேண்டும் என்று சபதம் எடுத்தவள், கண்ணை ஏமாற்றித்தான் முதல் லெவலை முடித்தேன். இதில் எனக்கு இன்னமும் சிறு வருத்தம் உண்டு.

அந்த லெவலின் பாதிவரை டக்ஸ் தண்டவாளத்தின் ஓரமாக ஓடுகிறது; மீதிப் பாதியில் ரயிலின் கூரைமேல் நிற்கிறது. ஆட்டத்தில் கட்டங்களால் ஆன ஓர் அடுக்கை அப்படியே ஒரு பாதையில் நகர வைக்கலாம் என்பதால், பெட்டிகளை அப்படி ஓர் அடுக்காகச் செய்தேன். வேகம் எவ்வளவு வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று கொண்டால், நொடிக்குப் பத்துக் கட்டம் ஓடும் டக்ஸின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். பல் தண்டவாளத்தில் ரயிலின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். அப்படியானால் பெட்டி பத்து நொடியில் முப்பத்தாறு கட்டம் நகர வேண்டும். அவ்வாறே வைத்தேன். ரயிலைவிடப் பயணி வேகமாக ஓடுகிறான் என்பது ஆட்டமாக முதலில் விநோதமாகத் தோன்றினாலும், இந்த ரயிலைத் தெரிந்த யாரும் அதைத் தவறென்று சொல்லவில்லை. பெட்டியைவிட்டு இறங்கி, காசு பொறுக்கிக்கொண்டு, மறுபடி ஓடி ஏறிக்கொள்ளலாம்.

தவறென்று சொன்னது வேறொன்றை. எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார்; குன்னூர் லோகோ ஷெட்டில், நீராவி இஞ்சினின் தீயைக் கவனிக்கும் ஃபயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கணினியைப் பார்ப்பதற்கென்று அவர் வரவில்லை. எங்கள் வீட்டில் மின்கட்டணம் கட்டித் தரச் சொல்லி வந்தவர், திரையில் புகைவண்டியைக் கண்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இஞ்சின் முன்னாடி நின்னு இழுக்குதே, இது எந்த ஊரு வண்டி?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து அந்த வண்டியைப் பார்க்கிறேன். குன்னூருக்கு ஏறும்போது இஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வரைய உட்கார்ந்தபோது கை, புத்தகத்தில் பார்த்த ரயிலை வரைந்துவிட்டது.

இஞ்சினைப் பின்னால் கொண்டுபோனதும் லெவலே மாறிப்போனது. முன்பு புகை டக்ஸின் முகத்தில் அடித்து எதிரே வருவதை மறைத்தது. எரிச்சலூட்டும் ஒரு தடையாக மட்டும் அது இருந்தது. இப்போது புகை இடப்பக்கம் பின்னால் எழுகிறது, எதிரே மலை திறந்து கிடக்கிறது. பின்தங்கினால்தான் புகைக்குள் மாட்டிக்கொள்வீர்கள். மெதுவாக ஆடுபவரை முன்னே தள்ளுவதற்கு நான் தனியாக எதையும் செய்யத் தேவையில்லாமல், தள்ளும் வேலையை இஞ்சினே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு பெட்டியின் முன்புறத் திறந்த மேடையிலும் கொடியோடு பிரேக்ஸ்மேன் ஒருவர் நிற்க வேண்டும் என்றும் பெரியவர் சொன்னார். அதையும் சேர்த்தேன். எதிரே கல் விழுந்து கிடந்தால் முதல் பெட்டியின் பிரேக்ஸ்மேன் சிவப்புக் கொடியை நீட்டுவார். அறிவிப்புப் பலகைக்கு மாற்றாக அது போதுமானதாக இருக்கிறது.

அடர்லி லெவல் குகைகளுக்கானது. வழி நெடுக 16 குகைகள் இருக்கின்றன. நான் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். குகைக்குள் நுழைந்ததும் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு, லெவலோடு சேர்த்து எழுதும் சிறு நிரலான ஸ்கிரிப்டில் ஒரே வரி போதும். மேலிருந்து விழும் பனிக்கூர் என்றொரு பொருள் ஆட்டத்தில் ஏற்கெனவே உண்டு. அடியில் ஆள் வந்ததும் நடுங்கி விழும். அதன் படத்தை மாற்றிப் பாறையாக்கினேன். வடகிழக்குப் பருவமழையில் இந்தத் தடத்தில் மண்ணும் பாறையும் சரிந்து வண்டி நிற்பது ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆனால் ஆடுபவர் அறியாமல் தலையில் கல்லைப் போடுவதை நான் அநியாயம் என்று கருதுகிறேன். ஆகவே விழப்போகும் ஒவ்வொரு பாறைக்கும் கீழே தரையில் சிறு கற்கள் சிதறிக் கிடக்கும். முதலிரண்டு இடங்களில் அடிபட்டவர் மூன்றாவது இடத்தில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். மழைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்கள் செய்வதும் அதுதான்.

ஹில்குரோவில் எதிரியே கிடையாது. வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையம் அது. ஆடுபவரும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். குரங்குகள் கூரையில் உட்கார்ந்திருக்கும், ஒன்றும் செய்யாது. பாதியில் சேமித்துக்கொள்ளும் இடமாக ஆட்டத்தில் ஒரு மணி வருவதுண்டு. கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த மணிக்கு மின்மினி என்றுதான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லா லெவல்களிலும் அந்த மணியை நிலையத்தின் பெயர்ப்பலகைக்கு அருகில் தொங்கவிட்டேன். ரயில் நிலையத்தில் மணி அடிப்பது இயல்பாகப் பொருந்திவிட்டது.

ரன்னிமேடு லெவல்தான் தொகுப்புக்குப் பெயர் கொடுத்தது. எனக்குப் பிடித்ததும் அதுவே. இந்தத் தடத்தில் உள்ளது ஆப்ட் முறைப் பல் தண்டவாளம். ஒற்றைப் பட்டையாக இல்லாமல் இரண்டு பட்டைகள் அருகருகே கிடக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும்படி தள்ளிப் பதித்திருப்பார்கள். அதனால் இஞ்சினின் பல்சக்கரம் ஒரு பட்டையின் பல்லை விடும் நேரத்தில் மற்றொரு பட்டையின் பல்லைப் பிடித்திருக்கும். எந்த நொடியிலும் பிடி விட்டுப்போகாது. இதைப் பெரியவர் தம் இரண்டு கைவிரல்களையும் கோத்துக் காட்டி விளக்கினார். அன்றிரவே அதை லெவலாக்க உட்கார்ந்துவிட்டேன். மேலும் கீழும் நகரும் மேடைகளை இரண்டு வரிசையாக வைத்தேன். ஒரு வரிசை உயரும்போது மற்றது தாழும். நிற்கும் மேடை கீழிறங்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த வரிசையின் மேடை எட்டும் உயரத்துக்கு வந்திருக்கும். தாளத்தைப் பிடித்துவிட்டால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கலாம். பயந்து ஒரு துடிப்பு தாமதித்தால் கீழே போய்விடுவீர்கள். இங்கே படம் எதுவும் தேவைப்படவில்லை. சாம்பல் நிறப் பலகைகளாக மட்டும் வைத்துப் பெரியவரிடம் காட்டினேன். "கடக்கு கடக்குன்னு ஏறுதே" என்றார்.

குன்னூரில் ஒரு வேடிக்கை உண்டு. நிலையத்துக்கு வந்த வண்டி, உதகைக்குப் புறப்படும்போது நேராக முன்னே போகாது; சற்றுத் தூரம் பின்னால் வந்து, பிறகுதான் ஏறத் தொடங்கும். இவ்வகை ஆட்டங்களிலோ இடமிருந்து வலம் போவது எழுதாத சட்டம். நாற்பது ஆண்டுகளாக ஆடுபவர்களின் கட்டை விரலில் ஊறிப்போன சட்டம். குன்னூர் லெவலில் நடைமேடையின் வலக்கோடியில் மணி அடித்தால் சுவர்தான் இருக்கும். அங்கே வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் கைப்பிடியாக ஒரு பொத்தான் உள்ளது. அதன்மேல் குதித்தால் தொலைவில் கதவு திறக்கும் ஓசை கேட்கும். அது நீங்கள் வந்த வழியில், இடப்பக்கத்தில் திறக்கும். ஆடிப் பார்த்தவர்களில் குன்னூர்க்காரர்கள் யோசிக்காமல் திரும்பினார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் அரைமணி நேரம் சுவரை முட்டிக்கொண்டிருந்துவிட்டு, லெவல் பழுதாகிவிட்டது என்றார். அம்புக்குறி ஒன்று போடச் சொன்னார். போடமாட்டேன் என்றேன்.

அதே லெவலில் காட்டெருமையும் வரும். ஆட்டத்தின் வழக்கப்படி எதிரே வருவதன் தலைமேல் குதித்தால் அது சாகும். யானையையும் காட்டெருமையையும் அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை; அதோடு அது பொய்யும்கூட. குன்னூர்த் தெருவில் காட்டெருமை நின்றால் நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான். அது போகும்வரை நிற்போம். எனவே அதை எதிரியாக வைக்காமல் நகரும் சுவராக வைத்தேன். பன்னிரண்டு நொடி நின்று மென்றுகொண்டிருந்துவிட்டு, தானாக மேலே ஏறிப் போய்விடும். நெருங்கிப் போனால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்படி ஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறேன். அண்ணன் மகனுக்கு இதில் ஏற்பட்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொறுமையிழந்து அருகே போவான், மறுபடி பன்னிரண்டு நொடி. ஆனால் பள்ளிக்குப் போகும் வழியில் உண்மையான காட்டெருமைக்காக அவன் தினமும் அதைவிட நெடுநேரம் நிற்கிறான். அதைப் பற்றி ஒருநாளும் முறையிட்டதில்லை.

கேத்தியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பள்ளத்தாக்கின் கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்கள் படிப்படியாக இருப்பதால் படிகள் வைத்தேன். லெவல் படிக்கட்டாகத்தான் இருக்கிறது. லவ்டேல் யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே மூடுபனி வந்து மறைத்துப் போகும் லெவல்; மூடுபனியை அரைவாசி ஊடுருவித் தெரியும் ஓர் அடுக்காக வரைந்து, ஐந்து நொடியில் தோன்றி ஐந்து நொடியில் மறையும்படி செய்தேன். சுமாராக வந்திருக்கிறது.

உதகை லெவலுக்குத்தான் அதிக காலம் பிடித்தது, ஏனென்றால் சூப்பர்டக்ஸே பனியின் ஆட்டம். பனித்தீவில் எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி. பனிக் கட்டத்தில் கால் வைத்தால் உராய்வு பத்தில் ஒரு பங்காகக் குறையும், வேகமெடுப்பதும் நான்கில் ஒரு பங்காகும். நமக்கும் பனி உண்டு. ஐப்பசியில் நீர்ப்பனி தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி கொட்டும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் என்னும் செடிகளைக் கொண்டு மூடி வைப்பார்கள். தேயிலை கருகினால் எங்கள் எடைக் கணக்கில் அது அப்படியே தெரியும். அதனால் பனிக் கட்டங்களை எடுத்து அப்படியே பரப்பிவிட்டேன். ஆடிப் பார்த்தால் அது அண்டார்டிகாவாகவே இருந்தது.

இரண்டு தவறுகள் செய்திருந்தேன். முதலாவது, உயரம் போகப் போகப் பனி கூடும் என்று மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் வைத்தது. உண்மை நேர்மாறானது. மேகமற்ற இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிரும்போது, அதை ஒட்டிய குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான இடங்கள் வெளுத்துக் கிடக்கும் காலையில், மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் வெறும் ஈரம்தான் இருக்கும். ஆகவே மேல்வழியைப் பனியில்லாமல் சுற்றுவழியாக்கினேன்; குறுக்குவழி பள்ளத்தின் உறைபனி வழியாகப் போகிறது. லெவலை முடித்த மிகக் குறைந்த நேரத்தை, லெவல்களைத் தேர்ந்தெடுக்கும் உலகப் படத்தில் ஆட்டமே குறித்து வைப்பதால், நேரத்தைக் குறைக்க விரும்புபவர் வழுக்கலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது தவறு வழுக்கலிலேயே இருந்தது. உறைபனி படிந்த புல்லில் யாரும் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. அது காலடியில் மொறுமொறுவென்று நொறுங்கும். அவ்வப்போது ஒரு கால் இழுத்துக்கொண்டு போகும், அடுத்த அடியில் பிடி கிடைத்துவிடும். பனிக்குப் புதிதாக ஓர் உராய்வு எண்ணை அமைக்க, ஆட்டத்தின் நிரலையே மாற்ற வேண்டும். ஒரு லெவல் தொகுப்பால் அது ஆகாது. பல நாள் கழித்து ரன்னிமேடு லெவலின் பல்வரிசையைத் திருத்திக்கொண்டிருந்தபோது வழி தோன்றியது. ஒரு பனிக் கட்டம், ஒரு சாதாரணப் புல் கட்டம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். டக்ஸ் இழுத்துக்கொண்டு போகிறது, பிடித்துக்கொள்கிறது, மறுபடி இழுத்துக்கொண்டு போகிறது. குளத்தோரத்தில் நீர் தேங்கிய இடங்களில் மட்டும் முழுப் பனிக் கட்டங்களை விட்டேன். விடிகாலை நீல வெளிச்சத்தில் தொடங்கும் லெவல், தொண்ணூறு நொடியில் சூரியன் எழுந்ததும் பனி அடுக்கை மெல்ல மறைத்துவிடும். அதற்குப் பிறகு ஆடுபவருக்கு அது வெறும் புல்வெளி. காத்திருக்கத் தெரிந்தவருக்கு இந்த லெவலில் வழுக்கலே இல்லை.

கூடுதல் தொகுப்பாக வெளியிட வேண்டுமானால் உள்ளே இருக்கும் படம், ஓசை எல்லாவற்றுக்கும் கட்டற்ற உரிமம் தேவை. திரைப்பாடலின் இசை ஒன்றை வைக்கும்படி வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்; அதற்கு வழியில்லை. ஆட்டத்தோடு வரும் இசையையே பயன்படுத்திக்கொண்டு, வண்டியின் ஊதலையும் தண்டவாள ஓசையையும் என் கைப்பேசியில் நானே பதிவு செய்தேன். ஊதலுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் நின்றேன். முதல் இரண்டு பதிவுகளில் சுற்றுலாப் பயணிகளின் கூச்சல்தான் இருந்தது. மஞ்சள் நிறப் பெயர்ப்பலகைகளைப் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறேன்.

எடைக் கணக்கு எழுதும் பழக்கத்தில், ஆடிப் பார்த்தவர்கள் எந்த லெவலில் எந்த இடத்தில் எத்தனை முறை செத்தார்கள் என்பதை ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைத்தேன். கணிப்பு பெரும்பாலும் பொய்த்தது. கடினம் என்று நான் நினைத்த ரன்னிமேட்டில் பத்துக்கும் குறைவு. எளிது என்று விட்டுவிட்ட கேத்தியில், மூன்றாம் படியில் மட்டும் முப்பத்தொன்று. அளந்து பார்த்தால் அந்தப் படி ஐந்து கட்ட உயரம். ஓடித் தாவினால் எட்டும், ஆனால் ஓடுவதற்கு முன்னால் மூன்று கட்ட இடம்தான் விட்டிருக்கிறேன். கணினிமேல் ஒட்டிய அட்டையில் இருந்த எண்ணை நானே பார்க்கவில்லை. படியை ஒரு கட்டம் தாழ்த்துவதா, முன்னால் இடத்தைக் கூட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இடத்தைக் கூட்டினால் கேரட் பாத்தி ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை தாழ்த்திப் பார்க்கிறேன்.